தங்கமீன் தொட்டியில் உப்பு போட்டால் கடலாகுமா?

உங்கள் கேள்வியைச் சுருக்கினால் இதுதான். வீட்டில் மூன்றடி நீளம், ஓரடி அகலம், ஒன்றரை அடி உயரத்தில் ஒரு தொட்டி நான்கு வருடமாக ஓடுகிறது. உள்ளே மூன்று தங்கமீன்கள். மகளுக்கு வெள்ளைப் பட்டை போட்ட ஆரஞ்சு நிறக் கோமாளி மீனும், கூடவே ஒரு நீல மீனும் வேண்டுமாம். இருக்கிற தொட்டியிலேயே உப்பைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றிக் கடல்நீர்த் தொட்டியாக மாற்றிவிடலாமா, அதற்குக் கல் உப்பு போதுமா, இல்லை கோவளத்துக்குப் போய்க் கேனில் தண்ணீர் பிடித்து வர வேண்டுமா என்று கேட்கிறீர்கள். நீங்கள் கேட்காமல் விட்ட கேள்வி ஒன்றும் இதற்குள் இருக்கிறது: நான்கு வருடமாகச் சேர்த்த தொட்டியில், பழக்கத்தில், எது கூட வரும், எது வராது? அதையும் சேர்த்தே சொல்கிறேன்.

நான் மீன்வளம் படித்தவன் இல்லை. பதினாறு வருடமாகச் சென்னையில் வீடுகளிலும் மருத்துவமனை வரவேற்பறைகளிலும் தொட்டி அமைத்துப் பராமரிப்பது என் பிழைப்பு. அவற்றில் கால்வாசி கடல்நீர்த் தொட்டிகள். பவளம் வளர்ப்பதில் எனக்குக் கை பழகவில்லை. ஆகவே மீன் மட்டும் உள்ள தொட்டியைப் பற்றியே பேசுகிறேன். முதல் வருடம் நீங்களும் அதற்கு மேல் போக வேண்டாம்.

கண்ணாடி கூட வரும். அதற்கு நன்னீர், கடல்நீர் என்ற பேதமில்லை. கடல்நீர் இரண்டரை சதவீதம்தான் கூடுதல் கனம். ஒழுகாத தொட்டி அதையும் தாங்கும். மூடியில் தகரமோ இரும்பு ஆணியோ இருந்தால் மாற்றிவிடுங்கள், ஆறே மாதத்தில் துரு தண்ணீரில் சொட்டும். ஒன்றை மட்டும் நினைவுபடுத்திப் பாருங்கள்: இந்த நான்கு வருடத்தில் பூஞ்சைக்கோ ஒட்டுண்ணிக்கோ செம்பு கலந்த மருந்து ஊற்றியிருக்கிறீர்களா? செம்பு மீனைக் காப்பாற்றும் அளவிலேயே இறாலையும் நத்தையையும் கொன்றுவிடும். தொட்டிக்குள் இருக்கும் கல்லும் மணலும் அதைப் பிடித்து வைத்துக்கொண்டு மெல்ல விடும். ஒருமுறை பழைய தொட்டி ஒன்றைக் கல்லோடு வாங்கி, கல்லை நன்றாகக் கழுவி அதிலேயே போட்டேன். மீன்கள் நலமாக இருந்தன. விட்ட இறால்கள் மூன்று முறையும் இரண்டு நாள் தாண்டவில்லை. செம்புதான் காரணம் என்று அடித்துச் சொல்ல அப்போது என்னிடம் சோதனை இல்லை. ஆனால் கல்லை மாற்றிய பிறகு விட்ட இறால்கள் பிழைத்தன.

தங்கமீன் கூட வராது. இதில் சந்தேகத்துக்கே இடமில்லை. நன்னீர் மீனின் உடலில் உள்ள உப்பு வெளித் தண்ணீரில் உள்ளதை விட அதிகம். அதனால் செவுள் வழியே தண்ணீர் ஓயாமல் உள்ளே புகுந்துகொண்டே இருக்கும். மீனும் ஓயாமல் அதைச் சிறுநீராக வெளியேற்றிக்கொண்டே இருக்கும். கடல்மீனுக்கு நேர்மாறு. சுற்றியிருக்கும் உப்பு அதன் உடலிலிருந்து நீரை உறிஞ்சுகிறது, அது கடலைக் குடித்துக் குடித்து உப்பைச் செவுள் வழியாகத் தள்ளுகிறது. இந்த இரண்டு வேலைகளில் ஒன்றுக்கு மட்டுமே தங்கமீனின் உடல் அமைந்திருக்கிறது. எவ்வளவு மெதுவாக ஏற்றினாலும் கடல் அளவு உப்பில் அது சாகும். வெள்ளைப்புள்ளி நோய்க்குக் கடைக்காரர் உப்பு போடச் சொல்லி, மீனும் பிழைத்திருக்கும். அதிலிருந்துதான் இந்த 'கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினால்' என்ற நம்பிக்கை பிறக்கிறது என்று நினைக்கிறேன். மருந்துக்குப் போடும் உப்பு லிட்டருக்கு இரண்டு மூன்று கிராம். கடலில் லிட்டருக்கு முப்பத்தைந்து.

அந்த நம்பிக்கை பலிக்கும் மீன் ஒன்று உண்டு: மோலி. கழிமுகங்களிலும் வாழப் பழகிய இனம் அது. ஒன்றிரண்டு வாரம் எடுத்துப் படிப்படியாக ஏற்றினால் முழுக் கடல்நீரிலும் வாழும், குட்டியும் போடும். முதல்முறை உப்புத் தண்ணீரைக் கையாள்பவர்களிடம் நான் மோலியைத்தான் சொல்வேன். விலை குறைவு, தவிர, தொட்டியில் வளரும் பாசியை மேய்ந்துகொண்டே இருக்கும்.

இப்போது கல் உப்பு. 'தூத்துக்குடி உப்பு கடலிலிருந்துதானே வருகிறது, அதையே கரைத்தால் கடல்நீர்தானே' என்று என்னிடம் வாதாடியவர்கள் உண்டு. உப்பளத்தை ஒருமுறை நின்று பார்த்திருந்தால் இந்த வாதம் வராது. பாத்தியில் கடல்நீர் வற்ற வற்ற எல்லாம் ஒன்றாகப் படிவதில்லை. முதலில் சுண்ணாம்புச் சத்து படிகிறது, அடுத்து ஜிப்சம். அவற்றை முந்தைய பாத்திகளிலேயே விட்டுவிட்டு, தெளிந்த செறிவான நீரை அடுத்த பாத்திக்குத் திருப்புகிறார்கள். அங்கேதான் நாம் சமைக்கும் உப்பு பூக்கிறது. அதை வாரிய பிறகு மிஞ்சும் கசப்பான நீரில் மெக்னீசியமும் பொட்டாசியமும் தங்கிவிடுகின்றன; அதை வடித்துவிடுகிறார்கள். நல்ல உப்பு என்றால் இவையெல்லாம் கழிந்த உப்பு என்றுதான் பொருள். நாக்குக்கு அது சரி. மீன்தொட்டிக்கு வேண்டியதோ கழிந்துபோன அந்தப் பாதி: லிட்டருக்கு ஏறக்குறைய 1,300 மில்லிகிராம் மெக்னீசியம், 400 மில்லிகிராம் கால்சியம், கிட்டத்தட்ட அதே அளவு பொட்டாசியம், கூடவே நீரின் காரத்தன்மையை, அதாவது pH அளவை, 8.2 அருகே பிடித்து வைக்கும் கார்பனேட்டுகள். கல் உப்பைக் கரைத்த தண்ணீர் உப்புமானியில் சரியாகவே காட்டும். மீன்தான் சில நாளில் காட்டிக்கொடுக்கும்.

ஆகவே கடல்தொட்டிக்கென்றே விற்கும் கலவை உப்பை வாங்குங்கள். உங்கள் தொட்டியின் கொள்ளளவு 127 லிட்டர். மணல், பாறை, மேலே விடும் இடைவெளி போக நூறு லிட்டர் தண்ணீர் பிடிக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் நிரப்புக்கு மூன்றரை முதல் நான்கு கிலோ உப்பு ஆகும். பிறகு இரண்டு வாரத்துக்கு ஒருமுறை பதினைந்து லிட்டர் மாற்ற அரைக் கிலோ. தனி வாளியில் ஒரு நாள் முன்பே கரைத்து, ஏர் பம்ப் போட்டுக் கலக்கி, மறுநாள் ஊற்ற வேண்டும். மீன் இருக்கும் தொட்டிக்குள் உப்பை நேராகக் கொட்டியவர்களைப் பார்த்திருக்கிறேன். கொட்டிய அடுத்த மணி நேரத்தில் என்னைத் தொலைபேசியில் அழைத்தவர்களும் அவர்களே.

எந்தத் தண்ணீரில் கரைப்பது? போர் தண்ணீர் வேண்டவே வேண்டாம். வீட்டு ஆர்ஓ தண்ணீர் நல்லது, ஆனால் இயந்திரத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும். பல இயந்திரங்கள் சுவைக்காகத் தாதுக்களைத் திரும்பச் சேர்க்கின்றன, அல்லது வடிகட்டாத நீரைக் கொஞ்சம் கலக்கின்றன. அது பாசியைக் கூட்டும், உயிருக்கு மோசமில்லை. இப்போது 'செம்புச் சத்துடன்' என்று விளம்பரம் செய்து விற்கிறார்களே, அந்த வகையாக இருந்தால் மட்டும் தொடாதீர்கள். மேலே சொன்ன இறால் கதைதான்.

கோவளத் தண்ணீரைப் பற்றி என் கருத்து இரண்டு பக்கமும் போகும். இயற்கைக் கடல்நீரில் எல்லாச் சத்தும் சரியான விகிதத்தில் இருக்கிறது, காசும் மிச்சம். கேன் கணக்கில் கடல்நீரை வாங்கியே காலம் தள்ளுகிறவர்கள் சென்னையில் நிறைய உண்டு. ஆனால் நம் கரைக்கு இரண்டு குறைகள். கூவம், அடையாறு, எண்ணூர் முகத்துவாரங்களின் அருகே பிடிக்கும் தண்ணீரில் என்ன கலந்திருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. கோவளம் பரவாயில்லை, என்றாலும் அங்கேயும் முட்டுக்காடு உப்பங்கழி பக்கத்திலேயே கடலில் சேர்கிறது. இரண்டாவது, வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் நம் கடலே நீர்த்துவிடுகிறது. மழைநீரும், வடக்கே கங்கை முதலான ஆறுகள் வங்கக்கடலில் கொட்டும் நன்னீரும் கரையோர நீரோட்டத்தோடு தெற்கே இறங்கி வருகின்றன. நவம்பரில் பிடித்த தண்ணீரும் மே மாதத்தில் பிடித்த தண்ணீரும் ஒரே உப்பு இருக்காது. கடல்நீரைத்தான் பயன்படுத்துவேன் என்றால் கோடையில், முகத்துவாரத்திலிருந்து தள்ளி, கரையோர நுரை இல்லாத இடத்தில் பிடித்து, துணியில் வடிகட்டி, மூடிய கேனில் இருட்டில் இரண்டு வாரம் வைத்து, அடியில் படிந்ததை விட்டுவிட்டு மேல்நீரை எடுங்கள். தொடங்குகிறவருக்கு என் சிபாரிசு கலவை உப்புதான். தவறு நடந்தால் காரணம் தேடும் இடம் ஒன்று குறையும்.

உப்பை அளக்க ரிஃப்ராக்டோமீட்டர் வாங்குங்கள். பிளாஸ்டிக் முள் ஆடும் உப்புமானி மலிவு, ஆனால் முள்ளில் ஒரு குமிழி ஒட்டினால் பொய் சொல்லும். 25 டிகிரியில் அடர்த்தி எண் 1.026, அதாவது ஆயிரத்துக்கு முப்பத்தைந்துக்கு ஒட்டி இருக்க வேண்டும். நன்னீர்த் தொட்டிக்காரர்கள் எல்லோரும் தடுக்கி விழும் இடம் அடுத்தது. தண்ணீர் குறைந்தால் பழக்கதோஷத்தில் அதே தண்ணீரை, அதாவது உப்புத் தண்ணீரை, ஊற்றி நிரப்புவார்கள். ஆவியாவது நீர் மட்டுமே. உப்பு முழுவதும் தொட்டியிலேயே இருக்கிறது. நூறு லிட்டரில் ஐந்து லிட்டர் ஆவியானால் முப்பத்தைந்து முப்பத்தேழை நெருங்கிவிடும். அதை ஈடுகட்ட உப்பில்லாத ஆர்ஓ தண்ணீர்தான் ஊற்ற வேண்டும், முடிந்தால் தினமும். கண்ணாடியில் ஸ்கெட்ச் பேனாவால் ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள். உங்கள் மகளுக்கு இதை வேலையாகக் கொடுக்கலாம்.

இனிமேல் சொல்வதுதான் முழு மாற்றத்தின் மையம். உங்கள் ஃபில்டர் ஸ்பாஞ்சைப் பிழிந்தால் பழுப்பாக வழவழவென்று ஒன்று வருமே, நான்கு வருடத்தில் நீங்கள் சம்பாதித்த சொத்து அதுதான். மீனின் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், நைட்ரைட்டை அவ்வளவாகத் தீங்கில்லாத நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியாக்கள் அதில் குடியிருக்கின்றன. நன்னீரில் குடியேறியவை திடீரென்று கடல் உப்பு வந்தால் பெரும்பாலும் செயலிழந்துவிடும். கடல்நீரில் வாழும் கூட்டம் புதிதாக உருவாக நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். அதுவரை தொட்டி வெறும் உப்புத் தண்ணீர்ப் பாத்திரம்தான். போதாக்குறைக்கு, அம்மோனியாவின் நஞ்சு தண்ணீரின் காரத்தன்மையைப் பொறுத்தது. 7 அளவில் உள்ள நன்னீரில் இருக்கும் அதே அம்மோனியா, 8.2 அளவில் உள்ள கடல்நீரில் பத்து மடங்குக்கு மேல் கடுமையாகத் தாக்கும். தங்கமீன் தாங்கிய அழுக்கைக் கோமாளி மீன் தாங்காததற்குக் காரணம் அதன் செல்லம் இல்லை, இந்தக் கணக்கு.

அந்த ஆறு வாரம் எப்படிப் போகும் என்று சொல்லிவிடுகிறேன், பாதிப் பேர் அங்கேதான் பயந்து கெடுக்கிறார்கள். தொட்டியில் மணல், பாறை, உப்புத் தண்ணீர் போட்டு, தண்ணீரைச் சுழற்றும் பம்பை ஓடவிட்டு, மார்க்கெட்டில் வாங்கிய ஓர் இறாலை வலைத் துணியில் கட்டித் தொங்கவிடுங்கள். அது அழுகும்போது வரும் அம்மோனியாதான் பாக்டீரியாவுக்கு இரை. மூன்றாம் நாள் தண்ணீர் லேசாகக் கலங்கும், மூடியைத் திறந்தால் மீன்கடை வாசனை அடிக்கும். என்னிடம் உள்ள சோதனைக் குப்பியில் அம்மோனியா மஞ்சளிலிருந்து பச்சைக்கு மாறும். ஒரு வாரம், பத்து நாளில் நைட்ரைட் குப்பி நீலத்திலிருந்து ஊதாவுக்குப் போய் அங்கேயே பிடிவாதமாக நிற்கும். இதுதான் நீளும் கட்டம். இதற்கிடையில், பெரும்பாலும் மூன்றாவது வாரத்தில், வெள்ளை மணல்மேல் மசாலாப் பொடி தூவியதுபோல் ஒரு பழுப்புப் படலம் படரும். டயட்டம் எனும் நுண்பாசி அது. புதுத் தொட்டிகளில் வரும், தானாகப் போகும். என் வாடிக்கையாளர் அம்மா ஒருவர் இதைப் பார்த்துப் பதறி, பாறைகளையெல்லாம் வெளியே எடுத்து, பிரஷ் போட்டுத் தேய்த்து, குழாய்த் தண்ணீரில் அலசி, பளபளவென்று திரும்ப அடுக்கிவிட்டார். மூன்று வாரம் வளர்ந்த பாக்டீரியா அத்தனையும் சாக்கடைக்குப் போனது. மறுபடி இறாலிலிருந்து ஆரம்பித்தோம். அம்மோனியாவும் நைட்ரைட்டும் இரண்டும் பூச்சியம் காட்டும் நாள் வரை மீன் வாங்கக் கடைப்பக்கம் போகாதீர்கள்.

பாட்டிலில் விற்கும் பாக்டீரியாவை ஊற்றினால் ஒரு வாரத்தில் முடியும் என்று கடையில் சொல்வார்கள். இதில் எனக்கு உறுதி இல்லை. நான் ஊற்றிய தொட்டிகளில் சிலவற்றில் இரண்டே வாரத்தில் முடிந்திருக்கிறது, சிலவற்றில் வெறும் தண்ணீர் ஊற்றியதற்கும் அதற்கும் வித்தியாசம் தெரியவில்லை. குளிர்ச்சியில் வைக்க வேண்டிய உயிர்ச் சரக்கு சென்னை வெயிலில் லாரியிலும் அலமாரியிலும் கிடந்து வருவது காரணமாக இருக்கலாம். ஊற்றுவதில் கெடுதல் ஒன்றுமில்லை. ஊற்றினாலும் குப்பி சொல்வதையே நம்புங்கள். புரோட்டீன் ஸ்கிம்மர் விஷயத்திலும் ஒருமித்த கருத்து கிடையாது. நுண்குமிழிகளை விட்டு அழுக்கை நுரையாகத் திரட்டும் கருவி அது, கடல்நீரில் நன்றாக வேலை செய்யும். இரண்டு சிறிய மீன் உள்ள நூறு லிட்டருக்கு, தவறாமல் தண்ணீர் மாற்றுவீர்கள் என்றால், அது இல்லாமலேயே நான் ஓட்டியிருக்கிறேன்.

பாறை விஷயத்தில் ஓர் எச்சரிக்கை. ராமேஸ்வரம், தூத்துக்குடிப் பக்கம் போனபோது பொறுக்கியது, தெரிந்தவர் கொண்டுவந்து தருவது என்று பவளக்கல் வரலாம். வாங்காதீர்கள். கல் பவளங்கள் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில், அதாவது புலிக்குக் கொடுக்கும் பாதுகாப்பில், இருக்கின்றன. கடல்குதிரையும் அப்படியே. கடை அலமாரியில் இருப்பதாலேயே சட்டப்படி சரி என்றாகிவிடாது. தொட்டிக்கென்று செய்து விற்கும் செயற்கைப் பாறை போதும். அதில் உள்ள துளைகளில் பாக்டீரியா குடியேறினால் சரி, அதற்கு எந்தக் கடலிலிருந்து வந்தது என்ற கவலை கிடையாது.

நம் ஊரில் கடல்தொட்டியைக் கொல்வது பெரும்பாலும் வெயில். தண்ணீர் 25, 26 டிகிரியில் இருப்பது நல்லது. மே மாதம் மூடிய அறையில் தொட்டி சுலபமாக 32 தொடும். சூடான நீரில் ஆக்சிஜன் குறைவு, உப்பு நீரில் அதைவிடக் குறைவு: அதே வெப்பத்தில் நன்னீர் பிடிப்பதில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைத்துத்தான் கடல்நீர் பிடிக்கும். உங்கள் ஹீட்டரைக் கழற்றி யாருக்காவது கொடுத்துவிடுங்கள். மேல்மூடியை எடுத்து வலை போட்டு, நீர்ப்பரப்பில் படும்படி ஒரு சின்ன விசிறியை வையுங்கள். இரண்டு மூன்று டிகிரி இறங்கும், பதிலுக்கு ஆவியாகும் நீர் கூடும், அந்தக் கோட்டைப் பார்க்கும் வேலையும் கூடும். சில்லர் என்ற குளிரூட்டும் கருவி இதற்கு முழுத் தீர்வு. ஆனால் தொட்டி, ஸ்டாண்டு, விளக்கு எல்லாம் சேர்ந்த விலையை விட அதன் விலை அதிகமாக இருக்கும். கோடையில் அந்த அறையில் ஏசி ஓடுகிறதா என்று முதலில் பாருங்கள். மின்சாரம் போனால் ஓட, பேட்டரியில் இயங்கும் ஏர் பம்ப் ஒன்று கட்டாயம். பிளக்குகளைத் தொட்டிக்கு மேல்மட்டத்தில் வையுங்கள், ஒயரைத் தொங்கவிட்டு மேலேற்றுங்கள். உப்பு ஒயர் வழியே வெள்ளைப் பூவாகப் பூத்து ஊர்ந்து போகும். பிளக்கில் அந்தப் பூவைப் பார்த்தால் அன்றே ஈரத்துணியால் துடைக்க வேண்டும், மின்சாரத்தை நிறுத்திவிட்டு.

மகளின் பட்டியலுக்கு வருகிறேன். கோமாளி மீன் சரி. தொட்டியில் பிறந்து வளர்ந்தவையா என்று கேட்டு வாங்குங்கள். மண்டபத்தில் உள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தினர் உட்பட நம் நாட்டிலேயே இவற்றைக் குஞ்சு பொரிக்கவைத்து வளர்க்கிறார்கள். கடலில் பிடித்ததை விடத் தொட்டியில் பிறந்தது இரை எடுப்பதிலும் நோய் தாங்குவதிலும் மேல். சிறியதாக இரண்டு வாங்குங்கள். எல்லாமே ஆணாகத்தான் வளரத் தொடங்கும், இரண்டில் வலுத்தது பெண்ணாக மாறிவிடும். சோடி தேடும் வேலை நமக்கு இல்லை. கடலில் கோமாளி மீன் தங்கி வாழும் கடல் சாமந்தி இங்கே வேண்டியதில்லை, அது இல்லாமலும் நிம்மதியாக வாழும். நீல மீனுக்கு, அதாவது புளூ டேங்குக்கு, மட்டும் இல்லை என்று சொல்லிவிடுங்கள். கடையில் விரல் நீளத்தில் இருக்கும் அது ஓரடி வரை வளரக்கூடியது. நாளெல்லாம் நீந்தித் திரியும் இனம். மூன்றடித் தொட்டி அதற்குச் சிறை. நீலம்தான் வேண்டும் என்றால் டாம்சல் இருக்கிறது, ஆனால் அது மற்ற மீன்களை விரட்டி விரட்டிக் கடிக்கும். என்னைக் கேட்டால் அதையும் சேர்க்க மாட்டேன்.

கடைசியாகத் தங்கமீன்கள். அவற்றுக்கு வேறு இடம் தயாரான பிறகே இந்தத் தொட்டியைக் காலி செய்யுங்கள். பெரிய பிளாஸ்டிக் தொட்டியோ, மாடியில் நிழலான இடத்தில் சிமெண்டுத் தொட்டியோ கிடைத்தால் மூன்றடிக் கண்ணாடியை விட அவற்றுக்கு வசதிதான். இப்போது ஓடும் ஃபில்டரைக் கடல்தொட்டிக்கு வைத்துக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள். ஸ்பாஞ்சைக் கழுவாமல், பிழியாமல், அந்தப் பழுப்போடு அப்படியே மீன்களுடன் அனுப்பிவிடுங்கள்.